நன்மை வாங்காத பிள்ளை

சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்கு மேலே குடியிருப்பவர்களுக்கு மூக்கு இருக்கக் கூடாது. என் தங்கை ஜோனுக்கு அந்த வீடு கிடைத்த நாளிலிருந்தே நான் இதைச் சொல்லி வருகிறேன். கீழே ஆட்டுக்கறிக் கடைகள், மீன் கடைகள், கோழி வெட்டும் இடம். அதற்கு மேலே அடுக்கடுக்காக வீடுகள். லிஃப்டுக்கு நிற்கும்போதே என் சேலைத் தலைப்பு தானாக மூக்குக்குப் போய்விடும். ஜோன் சிரிப்பாள். "ஒனக்கு ஒடம்பு முழுக்க மூக்குதான்க்கா," என்பாள்.

அவள் சொல்வது சரிதான். எனக்குத் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆபீசுக்குப் பக்கத்திலேயே அரசாங்க அடுக்குமாடியில் சின்ன வீவக வீடு. அந்த வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். என் கைப்பையில் ஜெபமாலை இல்லாத நாள் உண்டு, டெட்டால் பாட்டில் இல்லாத நாள் கிடையாது.

ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் கறி ஒதுக்கும் தவக்காலத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை நான் துணிப்பையோடு ஜோன் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கமலா. ஆபீசுக்கு ஃபோன் போட்டிருந்தாள். "ஆனி, நீங்க வந்து தங்கச்சிய ஒருதடவ பாருங்க. வீட்டுக்குள்ள என்னமோ செத்துக் கெடக்குற மாதிரி இருக்கு. கேட்டா சந்தை நாத்தம்னு சொல்றா. இத்தன வருஷமா தேக்காவுல இருக்கேன், சந்தை நாத்தம் எனக்குத் தெரியாதா?"

அதுவரை ஜோனை நினைத்து எனக்குத் துக்கம் இருந்தது, கவலை இருந்ததில்லை. ஜனவரியில் அவளுடைய ஒரே பிள்ளை ஆம்ப்ரோஸ், எங்கள் அம்பு, டெங்கிக் காய்ச்சலில் போய்விட்டான். எட்டு வயது. ஈஸ்டருக்குப் பிறகு அவனுக்குப் புது நன்மை கொடுப்பதாக இருந்தது. எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அது பெரிய நாள். பூசையில் சாமியார் கொடுக்கும் வெள்ளை அப்பம் ஆண்டவருடைய உடல் என்பது எங்கள் விசுவாசம்; அதை நன்மை என்போம். அதை நாக்கில் வாங்கும் முதல் நாள்தான் புது நன்மை. அதுவரை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்து, நெற்றியில் சிலுவை மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள்.

ஆம்ப்ரோஸ் அந்த நாளுக்காக ஏங்கிக் கிடந்தான். சீனக் கடையில் ஹா ஃபிளேக்ஸ் என்று ஒரு மிட்டாய் விற்கும், மெல்லிய சிவப்பு வட்டங்களாகக் காகிதத்தில் சுற்றி. அதை வாங்கி வந்து வீட்டில் பூசை வைப்பான். சாமியார் அவன், நன்மை வாங்குகிறவள் நான். ஒரு வட்டத்தை விரலால் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டுவான். நான் ஆமென் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தர மாட்டான். கையை நீட்டியபடியே நிற்பான், சிரிக்காமல், சிமிட்டாமல். அந்தப் பிடிவாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து.

அவனுக்காகத் தைத்த வெள்ளை உடுப்பு அலமாரியில் தொங்கியது. முழுக்கைச் சட்டை. மாதாவுக்கு நேர்ந்துகொண்டதால் பொத்தான்களை ஜோன் நீல நூலில் தைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்ததும் அவள் புருஷன் சிலுவைராஜ் கப்பல் வேலைக்குத் திரும்பிவிட்டான். கடலில் அழுதால் யாருக்கும் தெரியாது என்று போனானோ என்னவோ. ஜோன் அழவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலைப் பூசைக்கு வந்தாள். கோயிலில் எல்லோரும் அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு இப்படி விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் யார் என்று சாமியார் பெயர் சொல்லாமல் பிரசங்கத்திலேயே பேசினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நானாக இருந்தால் கோயில் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை லிஃப்ட் கதவு திறந்ததும் அந்தப் பெருமை போயிற்று.

சந்தை நாற்றத்தை நான் பிரித்துச் சொல்லிவிடுவேன்: ரத்தம், ஐஸ், உப்பு, கோழி இறகு. இது எதுவும் இல்லை. இனிப்பாக வந்தது. அழுகின பலாப்பழம் மாதிரி மூக்கில் ஆரம்பித்து, தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விழுங்கினால் கூடவே இறங்கியது.

ஜோன் கதவைத் திறந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் முகம் தெளிவாக, கிட்டத்தட்ட சந்தோஷமாக இருந்தது. எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

"என்னக்கா திடீர்னு?"

"ஒங்கூட ரெண்டு நாள் இருக்கலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டு வரணும்லா," என்றாள். வழியை விட்டு விலகவில்லை. நான்தான் பையால் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஹால் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிவப்புப் பல்பு எரிந்தது. ஆம்ப்ரோஸ் படத்துக்குப் புது மல்லிகை. சமையல் செய்யும் குசினியின் கதவு மட்டும் சாத்தியிருந்தது. கதவுக்கடியில் ஈரத்துணியைத் திணித்து வைத்திருந்தாள்.

"குசினிக்குப் போகாத. எலி மருந்து வச்சிருக்கேன்."

"எலி மருந்து நாத்தமா இது?"

"சந்தை நாத்தம்க்கா. ஒனக்குத்தான் ஒடம்பு முழுக்க மூக்கு," என்றாள். பழைய கேலிதான். சிரிப்புதான் இல்லை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் கதவைத் திறந்தேன். ஈக்கள் முகத்தில் வந்து மோதின. உதட்டில் ஒன்று உட்கார்ந்தது. துப்பினேன். சமையல் மேடை சுத்தமாகத்தான் இருந்தது. சுவரின் மறுமூலையில் குப்பைக் குழாயின் இரும்புக் கதவு. நம் அடுக்குமாடிகளில் எல்லா வீட்டுக் குசினியிலும் உள்ளதுதான். அதை இழுத்துத் திறந்து குப்பையைப் போட்டால் குழாய் வழியாகக் கீழே போய் விழும். அந்தக் கதவின் விளிம்பிலிருந்து பழுப்பாக ஏதோ வழிந்து சுவரெல்லாம் காய்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே தரையில் ஆம்ப்ரோஸின் பூப்போட்ட எனாமல் தட்டு, இன்னொரு தட்டால் மூடி.

மூடியிருந்த தட்டு லேசாக அசைந்துகொண்டிருந்தது. அடியில் இருந்த புழுக்களின் நெரிசலில்.

நான் தொடவில்லை. டெட்டால் பாட்டிலை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். கமலாதான் தண்ணீர் கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவ என்கிட்ட ஒருநாள் கேட்டா ஆனி, செத்தவங்களுக்கு நீங்க எப்படிச் சாப்பாடு வைப்பீங்கன்னு. நானும் சொன்னேன். பிடிச்சதெல்லாம் சமைச்சு வச்சுக் கும்பிட்டு, காக்காய்க்கு ஒரு வாய் வச்சிட்டு, அப்புறம் நாங்க சாப்பிடுவோம். போயிட்டு வாங்கன்னு அனுப்பி வைக்கிறதுதான். தெனமும் வச்சுக் கூப்பிடுறது எங்க வழக்கத்துல இல்ல லா."

"இவ கூப்பிடுறாளா?"

கமலா தன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். தன் குசினிக் குப்பைக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருப்பதாக மட்டும் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு. பூசையில் நான் ஜோனுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். நன்மையை நாக்கில் வாங்காமல் கையில் வாங்கிக்கொள்ளும் வழக்கம் அப்போது வந்திருந்தது. கையில் வாங்கினால் அங்கேயே, சாமியார் கண்ணெதிரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஜோன் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். வாய் அசைந்தது. விரல்கள் மட்டும் மடங்கியே இருந்தன. திரும்பி நடக்கும்போது அந்தக் கை கைக்குட்டைக்குள் போய், கைக்குட்டை ரவிக்கைக்குள் போனது.

எங்களில் படிக்காதவர்களுக்குக்கூடத் தெரியும், அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, கீழே போடக் கூடாது, ஒரு துணுக்குகூடக் குப்பையில் சேரக் கூடாது. என் தங்கை ஆண்டவரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சிராங்கூன் ரோட்டில் நடந்தாள். வழியில் நின்று ஆட்டுக்கறி வாங்கினாள்.

"தவசுல கறியா?" என்றேன்.

"எனக்கில்ல," என்றாள்.

மத்தியானம் சந்தை ஓய்ந்துவிடும். கடைகளை மூடி, தரைக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அந்தச் சத்தமும் நின்ற பிறகு அந்தக் கட்டடத்தில் ஒரு அமைதி வரும். நல்ல வெயில். எதிர் வீடுகளில் காய்ந்த துணி. ரேடியோவில் யாரோ மலாயில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜோன் எலும்புச் சூப் வைத்து இறக்கினாள். ஆம்ப்ரோஸுக்குப் பிடித்த சூப்.

"நீ ரூம்ல இருக்கா. அவனுக்கு ஒன்னப் பாத்தா வெக்கம்."

எவனுக்கு என்று நான் கேட்கவில்லை. ரூமுக்குள் போவதுபோல் போய், குசினிக் கதவு இடுக்கில் நின்றுகொண்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். மேல் தட்டை எடுத்தாள். அந்த நாற்றம் ஒரு ஆள் எழுந்து வருவதுபோல் ஹாலுக்கு வந்தது. அடியில் கிடந்த அழுகலுக்கு மேலேயே புதுச் சூப்பை ஊற்றினாள். கைக்குட்டையை அவிழ்த்து, வெள்ளை அப்பத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பிறகு குழாய்க் கதவைக் கரண்டியால் தட்டினாள்.

"அம்பு. வாப்பா."

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு கீழே, மிகக் கீழே, ஈரத்துணியை இழுப்பதுபோல் ஒரு சத்தம்.

குப்பை விழும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். அது மேலிருந்து கீழே போகும்.

இது மேலே வந்தது.

நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. ஏற ஏறக் குழாய்க்குள் இருந்த கரப்பான்கள் எல்லாம் கதவிடுக்கு வழியாகக் கொட்டின. ஜோன் மடியில் விழுந்து ஓடின. அவள் தட்டிவிடவில்லை.

இரும்புக் கதவு உள்ளேயிருந்து தள்ளப்பட்டது.

முதலில் வந்தது ஒரு சட்டைக் கை. வெள்ளையாக இருந்த சட்டை. மணிக்கட்டில் பொத்தான், நீல நூல். அதற்குள்ளிருந்து வந்ததைக் கை என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. பாலில் ஊறின ரொட்டியாக இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தட்டுக்குள் இறங்கி, அள்ளி, உள்ளே போனது. சப்பும் சத்தம். நக்கும் சத்தம். மறுபடி வந்தது. புழுவையும் கறியையும் சேர்த்து அள்ளியது.

"அம்மா, பசிக்குது."

அது ஆம்ப்ரோஸின் குரல். வாய் நிறையச் சாப்பாட்டோடு பேசும் ஆம்ப்ரோஸின் குரல். ஜோன் அந்தக் கையைத் தடவிக் கொடுத்தாள். தடவின இடத்தில் அவள் விரலோடு ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

நான் எப்படி நடந்தேன் என்று தெரியாது. ஜோனின் தோளைப் பிடித்து இழுத்தேன். கை சட்டென்று உள்ளே போனது. கதவு அடித்துச் சாத்தியது. உள்ளே ஏதோ கொஞ்ச தூரம் சறுக்கி, அங்கேயே நின்றுகொண்டது. போகவில்லை. மூச்சு கேட்டது.

"ஏன்க்கா அவன வெரட்டுற? சாப்புட்டுட்டு இருந்தான்ல."

"அது நம்ம அம்பு இல்ல ஜோன்."

"சட்டையப் பாத்தல்ல?"

"பாத்தேன். அது எப்படி அங்க போச்சு?"

அப்போதுதான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் தொங்கிய உடுப்பைப் பார்த்திருக்கிறாள். புது நன்மைக்குக்கூட விட்டுவைக்காத ஆண்டவர்மேல் வயிறு எரிந்திருக்கிறது. உடுப்பைச் சுருட்டி, மெழுகுதிரியோடு குழாயில் போட்டாள். "ஒனக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்னு சாமியத் திட்டிட்டுத்தான் போட்டேன். மறுநாளு பூசைக்குப் போனது மன்னிப்புக் கேக்க. வீட்டுக்கு வந்தா குழாய்க்குள்ள இருந்து அம்மான்னு கூப்புடுறான். நான் என்ன செய்வேன்க்கா? ஆண்டவர்தான் மனசு எறங்கித் திருப்பிக் குடுத்திருக்கார்னு நெனச்சேன். அவன் ஆசப்பட்டது புது நன்மை. சாமியார் குடுக்க முடியாது. நானாவது குடுக்கலாம்னு ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கொண்டு வந்து வைக்கிறேன்."

எனக்கு ஒரே நேரத்தில் அவளை அடிக்கவும் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஊரே மெச்சின விசுவாசம் இந்தத் தட்டில்தான் கிடந்தது. அதைப் பார்ப்பதற்காகக் குனிந்தேன். அப்போதுதான் கண்டேன்.

அழுகல் எல்லாம் அள்ளப்பட்டுத் தட்டின் அடி தெரிந்தது. கறுப்பாக, பிசுபிசுவென்று, புழு நெளிந்துகொண்டு. அதற்குள் அங்கங்கே வெள்ளையாக வட்டங்கள். ஒன்றல்ல. அவள் வைத்த எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கே இருந்தன. ஒன்றும் கரையவில்லை. ஒன்றிலும் பல் படவில்லை. ஈ அவற்றின்மேல் உட்காரவில்லை. இதை அற்புதம் என்று நான் சொல்ல வரவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

"இங்க பாரு ஜோன். புழுவத் தின்னிருக்கு. எலும்பத் தின்னிருக்கு. இத மட்டும் தொடல. நம்ம அம்புவா இருந்தா எத மொதல்ல எடுத்திருப்பான்?"

அவள் பார்த்தாள்.

"ஹா ஃபிளேக்ஸ வச்சுக்கிட்டு தெனமும் பூச வச்ச பிள்ள. இதுக்காக ஏங்கிட்டே போன பிள்ள. அவனா இத ஒதுக்கி வைப்பான்?"

ஜோனின் முகத்திலிருந்த தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. ஜனவரியிலிருந்து அழாத அழுகை வந்தது. வாயைத் திறந்தபடி, சத்தம் வராமல். குழாய்க் கதவு மறுபடி தட்டப்பட்டது. உள்ளேயிருந்து, கரண்டியால் அவள் தட்டின அதே தாளத்தில்.

"அம்மா."

"இதத் தூக்கி வீசிட்டுப் போயிடலாம் வா," என்றேன்.

"ஆண்டவர எங்க வீசுறது?"

சாமியாரிடம் கொண்டுபோனால் தண்ணீரில் கரைத்து முறைப்படி மண்ணில் ஊற்றுவார். ஆனால் கதவு திறந்துகொண்டிருந்தது. நீல நூல் தெரிந்தது. தட்டு அதன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஜோன் தட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் கொண்டு வந்தது. நானே வாங்கிக்கிறேன்."

முதல் அப்பத்தை எடுத்தாள். அடியில் ஒட்டின கறுப்பு நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு புழு அவள் கட்டைவிரலில் ஏறியது. சிலுவை போட்டுக்கொண்டு, நாக்கை நீட்டி வைத்து, வாயை மூடினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொண்டை ஏறி இறங்கியது. அடுத்ததை எடுத்தாள்.

"அம்மா, பசிக்குதும்மா."

அவள் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். நடுவில் குமட்டல் வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு ஆடினாள். வாந்தி எடுத்தால் எல்லாம் வீண். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே வந்ததை மறுபடி விழுங்கினாள். கடைசி ஒன்றைத் தூக்க அவள் கையில் தெம்பு இல்லை. என்னைப் பார்த்தாள்.

டெட்டால் பாட்டிலோடு திரியும் ஆனி, லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்தும் ஆனி, அந்தத் தட்டுக்குள் கையை விட்டேன். வழுவழுவென்று இருந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது, அதுதான் மோசம். அப்பத்தை நாக்கில் வைத்தேன். என்ன ருசி என்று கேட்காதீர்கள். பல்லுக்கிடையில் ஏதோ அசைந்தது. நான் கடிக்கவில்லை. அப்படியே விழுங்கினேன். ஆமென் சொன்னேன் என்று நினைக்கிறேன். என் வாழ்நாளில் ஆயிரம் முறை நன்மை வாங்கியிருப்பேன், வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினது அன்றைக்குத்தான்.

குழாய்க்குள் சத்தம் நின்றது. சட்டைக் கை கொஞ்ச நேரம் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு விட்டது. இரும்புக் கதவு மெதுவாக, கோயிலில் பிள்ளைகள் கதவைச் சாத்துவதுபோல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அந்தக் கதவை நானே கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். தட்டைப் பல பைகளில் சுற்றி வெளியே கொண்டுபோய்ப் புதைத்தேன். சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். ஜோன் அவரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை, ஆனால் சாமியார் வெளியே வரும்போது அவர் கண்ணும் சிவந்திருந்தது. நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஈஸ்டருக்கு நாங்கள் இரண்டு பேரும் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பாடினோம். ஜோன் சாப்பிட ஆரம்பித்தாள், அழ ஆரம்பித்தாள். ஆம்ப்ரோஸ் ஆண்டவரிடம் இருக்கிறான், குழாயில் இருந்தது வேறு ஏதோ. இதை அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

புது நன்மை ஞாயிறு வந்தது. ஆம்ப்ரோஸோடு ஞானோபதேசம் படித்த பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுதிரியோடு இரண்டு இரண்டாக நடந்து போனார்கள். ஜோன் நேராக உட்கார்ந்து பார்த்தாள். பெருமூச்சுகூட விடவில்லை. அவளும் நன்மை வாங்கினாள், கையில் இல்லை, நாக்கில். திரும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

முன்னால் இன்னும் நின்ற வரிசையில், அம்மா இடுப்பில் இருந்த பாப்பா ஒன்று சாமியார் நீட்டின அப்பத்துக்குக் கை நீட்டியது. அம்மாக்காரி அந்தக் கையை மெதுவாக மடக்கினாள். ஜோன் அதைப் பார்த்துக்கொண்டே என் காதருகில் சொன்னாள்.

"அக்கா. புது நன்மை வாங்காத பிள்ளைங்க அதத் தொடக்கூடாதுலா."

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்புவுக்கு அது நல்லாத் தெரியும். நல்ல பிள்ள அவன். பசியோட இருந்தாலும் தொட்டிருக்க மாட்டான்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தாள். நான் பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆண்டவரே, நாற்றமடிக்கிறான் என்றா நான் அவனை விரட்டினேன்? அது பேய்தான், அது பேயாகத்தான் இருக்க வேண்டும் என்று பூசை முடியும்வரை சொல்லிக்கொண்டேன். விசுவாசம் என்றால் இதுதானோ என்னவோ, கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே ஆமென் சொல்வது.

பஸ் பிடித்துத் தஞ்சோங் பகாருக்கு வந்தேன். என் வீடு எப்போதும்போல் பளிச்சென்று இருந்தது. உடுப்பை மாற்றி, மீனைக் கழுவி, குடலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு குப்பைக் குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

இனிப்பான நாற்றம்.

ஜோன் வீட்டுக் கதவை நான்தான் கம்பியால் கட்டினேன். என் வீட்டுக் கதவைக் கட்டத் தோன்றவில்லை.

ஈரத்துணி இழுபடும் சத்தம் ஏறி வந்து நின்றது. இரும்புக் கதவு திறந்தது. சட்டைக் கை, நீல நூல். ஒட்டிப்போன அந்த விரல்களுக்கு நடுவில், ஒரு தூசிகூடப் படாமல், மெல்லிய சிவப்பு வட்டம் ஒன்று. ஹா ஃபிளேக்ஸ்.

"பெரியம்மா."

கை என் முகத்துக்கு நேராக நீண்டது. பசிக்கிறது என்று சொல்லவில்லை. நீட்டியபடியே, நடுங்காமல் நின்றது.

எனக்குத் தெரியும். ஆமென் சொல்லும்வரை அது அப்படியேதான் நிற்கும்.